ஆல்ஃபிரடும் அறுபது துடுப்பும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்தான் முழங்காலைப் பிடிக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தை ஆண்ட அரசர் ஆல்ஃபிரட்தான் இங்கிலாந்துக் கடற்படையின் தந்தை என்று கல்லூரியில் உருப்போட்டோமே, அது சரிதானா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. 851லேயே அவருடைய அண்ணன் தென்கிழக்குக் கரையில் சாண்ட்விச் என்ற ஊர்ப் பக்கம், டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங் கொள்ளையரோடு கடலில் மோதி ஒன்பது கப்பல்களைப் பிடித்துவிட்டார். இன்னும் பின்னால் போனால், 5ஆம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் சிடோனியஸ் தன் நண்பன் நமாத்தியஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஆங்கிலேயரின் மூதாதையரான சாக்ஸன் கொள்ளையரைத் தேடி அட்லாண்டிக் கரையில் ரோந்து போனவன் அந்த நண்பன். கப்பல் உடைவது அவர்களுக்குப் பயமில்லை, பயிற்சி; புயல் அடித்தால் கரையில் இருப்பவன் அசந்திருப்பான் என்று சந்தோஷப்படுவார்கள் என்கிறார் சிடோனியஸ். அந்த வம்சத்துக்குக் கடலை யார் புதிதாகக் கற்றுத்தர வேண்டும்?

போன மாதம் மகள் என்னை சட்டன் ஹூவுக்கு அழைத்துப் போனாள். அந்தக் காலத்தில் ஒருவரைக் கப்பலோடு புதைத்த இடம் அது. டெபன் ஆற்றுக்கு மேலே மேடுமேடாகப் புல்வெளி. 1939இல் பேசில் பிரவுன் என்ற அகழ்வாளர் தோண்டியபோது கப்பலின் மரம் முழுக்க மக்கிப்போயிருந்தது. ஆனால் பலகைகளைப் பிணைத்த இரும்பாணிகள் வரிசை கலையாமல் அப்படியே நின்றன. அதனால் 27 மீட்டர் கப்பலின் வடிவம் மணலில் அச்சாகப் பதிந்திருந்தது. ஓரிடத்தில் ஆணிகள் நெருக்கி அடிக்கப்பட்டிருந்தன, அது ஒட்டுப்போட்ட இடம். சடங்குக்கென்று செய்த கப்பல் இல்லை சுந்தரம், தண்ணீரில் உழைத்த கப்பல். அந்த அச்சின் படத்தை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

சரி, ஆல்ஃபிரடுக்கு வருகிறேன். 896இல் டேனியர், அதாவது அந்த வைக்கிங்குகள், கப்பலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்தில், சிலவற்றில் அறுபது துடுப்புக்கும் மேல் வைத்து, தானே யோசித்துக் கட்டச் சொன்னார். அந்த வருஷமே தென்கரைக் கழிமுகம் ஒன்றில் அவருடைய ஒன்பது கப்பல்கள் ஆறு டேனியக் கப்பல்களை மடக்கின. இரண்டைப் பிடித்தார்கள். அப்புறம் கடல் இறங்கி நீர் வற்றியது. ஒன்பதும் தரைதட்டின, அதுவும் மூன்று எதிரியின் பக்கம், ஆறு மறுபக்கம். அந்த ஆறில் இருந்தவர்களால் உதவிக்குப் போக முடியவில்லை. டேனியர்கள் சேற்றில் நடந்து வந்து அந்த மூன்றையும் தாக்கினார்கள். ஆங்கிலேயரும், அவர்களோடு இருந்த ஃப்ரிசியரும் (இன்றைய நெதர்லாந்துக் கரை மக்கள்) 62 பேர், டேனியர் 120 பேர் செத்தார்கள். கடல் ஏற்றம் திரும்பியபோது முதலில் மிதந்தது எதிரியின் கப்பல்கள்தான். துடுப்பு வலித்துத் தப்பிவிட்டார்கள். ஆனால் காயம்பட்ட உடம்போடு எவ்வளவு தூரம் வலிப்பது? இரண்டு கப்பல்கள் சசெக்ஸ் கரையில் ஒதுங்கின. அதில் இருந்தவர்களை வின்செஸ்டருக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார் ஆல்ஃபிரட்.

கப்பல் பெரிதானால் போதாது, அந்தக் கழிமுகத்தின் ஆழம் தெரிந்த ஆள் வேண்டும். ஃப்ரிசியர்களை அவர் சேர்த்துக்கொண்டதும் கடல் தெரிந்த கைகள் போதாததால்தான் என்று நினைக்கிறேன். கடற்படையின் தந்தை என்ற பட்டத்தை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அவருடைய பேரன் ஏதெல்ஸ்டனுக்குக் கொடுப்பேன். 934இல் தரைப்படை ஒரு பக்கம் போக, கப்பற்படையை ஸ்காட்லாந்தின் வடகோடி கேத்னஸ் வரை அனுப்பியவர் அவர். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். உன் கட்சியை விவரமாக எழுது.

அன்புடன்,
கணேசன்