பாலர் வகுப்புக்கு ஓர் அறை: மே மாதத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான குருவானவர்களுக்கும், சேகர மன்ற உறுப்பினர்களுக்கும், விடுமுறை வேதாகமப் பள்ளித் திட்டக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் பாதி கடந்துவிட்டன. நெல்லைச் சீமையின் சேகரங்களில், அதாவது சபைகள் சேர்ந்த வட்டாரங்களில், இந்த வாரங்களில்தான் மே மாத வேதாகமப் பள்ளிக்கான முதல் கூட்டம் கூடும். எத்தனை நாள், என்ன தலைப்பு, டி-சர்ட் எந்த நிறம், கடைசி நாள் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், சிறப்பு விருந்தினர் யார் என்று பேச்சு நீளும். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்படும்: "சின்னப் பிள்ளைகளை டீச்சர் பார்த்துக்கொள்வார்கள்." இருபத்தாறு வருடங்களாக ஒரு சபையில் அந்த டீச்சராக இருப்பவள் நான். என் சபைக்கு மட்டும் அல்லாமல், இந்த வாக்கியம் சொல்லப்படும் எல்லாக் கூட்டங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சிறு பிள்ளைகளுக்கான திட்டத்தை அந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். இப்போது அது ஆண்டு விழா மேடையிலிருந்து தொடங்குகிறது. கடைசி நாள் என்ன நிகழ்ச்சி என்று முதலில் முடிவாகிறது. அதற்கு ஏற்றபடி பாட்டு, வசனம், ஒத்திகை எல்லாம் பின்னோக்கி அடுக்கப்படுகின்றன. பெரிய பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். நான்கு வயதுப் பிள்ளை தாங்காது.

ஒரு வருடம், மேல்வகுப்புகளுக்கு வந்த பாட வரிசையையே பாலர் வகுப்புக்கும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பாடம், கடவுள் கேட்டபடி ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதை. நன்றாகத்தான் சொன்னேன். விறகு, கயிறு, மலை ஏறியது எல்லாவற்றையும் கண்முன் நிறுத்தினேன். அன்று இரவு ஒரு சிறுமி தன் அப்பாவின் பக்கத்தில் படுக்க மறுத்துவிட்டாளாம். மறுநாள் காலையில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே என்னிடம் கேட்டாள்: "இயேசப்பா எங்கள் அப்பாவிடமும் என்னைக் கேட்பாரா டீச்சர்?"

பெரியவர்களாகிய நமக்கு அந்தக் கதையில் மகனுக்குப் பதிலாகப் பலியான, புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா மனதில் நிற்கிறது. அவளுக்குக் கத்தி மட்டும் நின்றுவிட்டது. பாடம் மேலிருந்து வந்தது என்று சொல்லித் தப்பிக்க என் மனம் ஒப்பவில்லை. கதையைச் சொன்ன வாய் என்னுடையது. அதனால்தான் சொல்கிறேன்: வேதத்தில் உள்ளது எல்லாம் பரிசுத்தமானதுதான், ஆனால் எல்லாவற்றையும் நான்கு வயதில் சொல்லியாக வேண்டியதில்லை. எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறந்ததும், கோலியாத்தின் தலை வெட்டப்பட்டதும் பத்து வயது வரை காத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தே இல்லாமல் வண்ணத் தாள்களை மட்டும் கொண்ட ஒரு சிறு புத்தகம் நம் வகுப்புகளில் நெடுங்காலமாக இருக்கிறது. 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் ஒரு பிரசங்கத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று தாள்களை வைத்து மீட்பை விளக்கினார். பின்னால் பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தன. கறுப்புத் தாளைக் காட்டி "இது பாவம், இது அழுக்கு இருதயம்" என்று சொல்வது வழக்கம். நானும் பல வருடம் சொன்னேன். ஒரு நாள் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் அந்தத் தாளையும் தன் முன்கையையும் மாறி மாறிப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. தேரி மண்ணில் வெயில் பாராமல் விளையாடி வளர்ந்த, அழகான கரிய நிறப் பிள்ளை அவன். அன்றோடு அந்தத் தாளை எடுப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் வகுப்பில் ஒருவன் கட்டிய மணல் வீட்டை இன்னொருவன் கலைத்துவிட்டால், இருவரும் சேர்ந்து மறுபடி கட்டுகிறார்கள். "மன்னித்துவிட்டாயா?" என்று கேட்பேன். தலையாட்டுவான். பாவத்தையும் மன்னிப்பையும் பற்றி அந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள்.

முதலில் ஓர் அறை. ஆலயத்தின் உள்ளே நூறு பிள்ளைகளோடு சேர்த்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம். அங்கே ஒலிபெருக்கியின் சத்தத்துக்கு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு இருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெரிய அறை தேவையில்லை. பாய் விரிக்கத் தரை, காற்று வர ஜன்னல், பக்கத்திலேயே சிறு பிள்ளைகள் தாமாகப் போய்வரக்கூடிய கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். நெல்லையின் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பத்தரைக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பெரிய பிள்ளைகள் மதியம் வரை இருப்பதால் இவர்களும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? நடுவில் மோரோ சுண்டலோ கொடுங்கள். பல பிள்ளைகள் காலையில் சரியாகச் சாப்பிடாமல் வருகிறார்கள்.

அடுத்தது, பத்து நாளுக்குப் பத்து கதை வேண்டாம். மூன்று கதை போதும். ஒரு கதையை மூன்று நாள் சொல்லலாம். "நேற்றுச் சொன்னதையே சொல்வதா?" என்று பெரியவர்கள்தான் கேட்பார்கள். பிள்ளைகள் "மறுபடி சொல்லுங்கள் டீச்சர்" என்பார்கள்.

காணாமற்போன ஆட்டின் கதையை நாங்கள் எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். சுவிசேஷத்தில் லூக்கா நூறு ஆடு என்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும். ஆகவே பத்து ஆடுகள். பழைய காலுறைக்குள் பஞ்சை அடைத்துத் தைத்தவை. முதல் நாள் ஆடுகளைத் தொட்டுப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள், மேய்க்கப் போனார்கள், மாலையில் எண்ணிப் பட்டியில் அடைத்தார்கள். எங்கள் ஊரில் ஆடு இல்லாத தெருவே இல்லை. எண்ணி அடைப்பதை எனக்கே அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் எண்ணும்போது ஒன்பதுதான் இருந்தன. அறை முழுவதும் தேடினோம். பெஞ்சுக்கு அடியில் கிடந்ததை ஒருவன் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். கைதட்டிப் பாடினோம். மூன்றாம் நாளும் அதே கதைதான். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் தூணோரம் ஒண்டி நின்ற ஒரு சிறுமி அன்று மெதுவாக, "அந்த ஆட்டுக்குப் பயமாக இருந்திருக்கும்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "ஆனால் மேய்ப்பர் தேடிக்கொண்டுதான் இருப்பார்" என்றாள். நான் அந்த மூன்று நாளும் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. அவளாக அங்கே போய்ச் சேர்ந்தாள். முதல் நாளோடு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள்.

அந்தக் கதைக்கு மனப்பாட வசனம், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பது மட்டும். "தாழ்ச்சியடையேன்" என்ற சொல் அடுத்த வருடம் வரட்டும். மனப்பாடத்துக்கு நான் எதிரி அல்ல. என் ஆச்சி நினைவு தப்பிய கடைசி மாதங்களில் எங்கள் பெயர்களை எல்லாம் மறந்துவிட்டார்கள். இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மட்டும் மறக்கவில்லை. ஆனால் ஆச்சி அதைக் கற்றுக்கொண்டது போட்டிக்காக அல்ல. விளக்கு வைத்தபின் நடந்த குடும்ப ஜெபத்தில், தன் தாயின் மடியில் தலைவைத்துக் கேட்டுக் கேட்டுப் படிந்தது அது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசு என்று வேதத்தின் உபாகமப் புத்தகம் சொல்வதும் அந்த முறையைத்தான். ஆகவே தினமும் பிள்ளையின் கையில் ஒரு சிறு தாள் கொடுத்தனுப்புங்கள்: இன்று கேட்ட கதை, பாடிய பாட்டு, இரவில் பெற்றோர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி. படிக்கத் தெரியாத ஆச்சி தாத்தாமார் இருக்கும் வீடுகளுக்குப் பாட்டைப் பதிவுசெய்து கைப்பேசியில் அனுப்பலாம்.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வேதக் கதையைக் குறவஞ்சியாகவே பாடிவைத்தவர். அவர் வழியில் வந்த நாம், ஆங்கில அபிநயப் பாட்டுகளுக்குப் பிள்ளைகளைப் பொருள் தெரியாமல் ஆட வைக்கிறோம். கும்மிக்கும் தாலாட்டுக்கும் ஊஞ்சல் பாட்டுக்கும் இங்கே பஞ்சமா? மெட்டுக்கட்டத் தெரிந்த அக்காமார் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். கேட்டால் தருவார்கள்.

திட்டம் பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தின் ஆறு நாளும் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைத்தான் முதலில் பார்த்தார். அவர்களுக்கு எழுத்துத் தெரியவில்லை. ஆகவே வாசிக்கக் கற்பித்தார். அதற்கு முன்பே, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, கற்பிக்கும் முன் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் பிள்ளைகளையும் தம் வீட்டுக்கு அழைத்து, அந்தச் சிறுவர்களின் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். நம் திட்டக் குழுவில் உள்ளவர்களில் எத்தனை பேர் பாலர் வகுப்பின் பாயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்?

ஆசிரியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாலர் வகுப்புக்கு யார் கிடைக்கிறார்கள் என்றால், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள். அன்பான பிள்ளைகள், நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இருபது குழந்தைகளை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஒப்படைப்பது அவளுக்கும் அநியாயம், குழந்தைகளுக்கும் அநியாயம். ஆறேழு பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும். அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். மே மாதத்துக்கு முன் இரண்டு சனிக்கிழமை பயிற்சி கொடுங்கள். கதை சொல்லிக் காட்டட்டும், நாம் கேட்போம்.

இருவர் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஆலய வளாகத்தில் பேச நாம் கூச்சப்படுகிறோம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவது, வகுப்பு முடிந்ததும் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பது என்று எழுதி வைக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்கு அப்படிப்பட்ட தீங்கு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். சபையின் நற்பெயருக்காக மூடி மறைக்கும் வழி சட்டத்திலும் இல்லை, சுவிசேஷத்திலும் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நம் தெருக்களில் இந்துக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளை மே மாதத்தில் நம்பி அனுப்புகிறார்கள். என்ன கதை சொல்லப் போகிறோம், என்ன பாட்டு என்று அந்தப் பெற்றோர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு சேர்ப்பதே நேர்மை. அவர்கள் வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு இழிசொல்லும் நம் வகுப்பில் ஒலிக்கக் கூடாது. நரகத்தைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் பயமுறுத்தவும் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டுக்கும் மேலாகப் பள்ளி நடத்திய திருச்சபை நம்முடையது. அப்படியிருக்க, நடக்க முடியாத பிள்ளையும் பேச்சு வராத பிள்ளையும் வேதாகமப் பள்ளி நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அழைப்பதும் திட்டத்தில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும்.

பணம் இல்லை என்று பொருளாளர்கள் சொல்வார்கள். பந்தலிலும் ஒலிபெருக்கியிலும் நினைவுப் பரிசுகளிலும் போகும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும். எங்களுக்குத் தேவையான பொருட்கள் பெரும்பாலும் ஊரிலேயே கிடக்கின்றன: பனை ஓலை, களிமண், ஆற்று மணல், பழந்துணி, சமையலறையில் ஒரு பிடி கடுகு. கடுகை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காத பிள்ளைக்குக் கடுகு விதை உவமையைச் சொல்லி என்ன பயன்? மெழுகு வண்ணக் குச்சிகளும் தாளும் மட்டும் கடையில் வாங்க வேண்டும்.

மேடை வேண்டவே வேண்டாமா என்று பெற்றோர்கள் வருத்தப்படலாம். கடைசி நாள் அவர்களைப் பாலர் அறைக்கு அழைத்து வாருங்கள். பிள்ளையே அம்மாவின் கையைப் பிடித்து, தன் ஆட்டைக் காட்டிக் கதை சொல்லட்டும். பரிசு ஒருவருக்கும் வேண்டாம். வசனம் மறந்து மேடையில் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கிய வருடங்கள் எனக்குப் போதும்.

"சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்பது நம் ஞாயிறு பள்ளிகளின் சுவர்களில் எல்லாம் எழுதியிருக்கும் வசனம். இடம் என்று அதில் இருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஆலயத்தின் பின்புறம், பழைய பெஞ்சுகளும் பந்தல் கம்புகளும் அடைந்து கிடக்கும் ஓர் அறை இருக்கிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல், வேப்பமர நிழல். சாவி ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் வகுப்பின் தாய்மார்களும் துடைப்பத்தோடு அங்கே இருப்போம். கம்புகளைத் தூக்கி வெளியே வைக்க, குழுவிலிருந்து நான்கு பேரை அனுப்புங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
பாலர் வகுப்பு ஆசிரியை ஒருத்தி