கவுன்சிலர் போடும் டிக்

பாளையங்கோட்டை
8 பிப்ரவரி 2026, ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆச்சிக்கு இப்போதுதான் கண் அசந்தது. இடுப்பு வலி கொஞ்சம் தேவலை. இன்றைக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடந்துவிட்டாள். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். ஆனாலும் எட்டு வருஷம் சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட பெட்ரோலுக்காகவாவது இதை முழுக்க வாசித்துவிடு.

அடுத்த வருஷம் நீ எடுக்கப் போகிற கணக்குப் பாடத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை போனில் நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. உனக்குப் பள்ளி விட்டு வந்த களைப்பு, எனக்கு இங்கே விடிகாலை இரண்டரை மணி. "பிசி எடுக்காவிட்டால் நல்ல காலேஜ் எதுவும் உன்னைத் திரும்பிப் பார்க்காது" என்றேன். நீ "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முதலில் ஒரு சங்கடம். காலேஜ் தரப் பாடங்களை அமெரிக்கப் பள்ளியிலேயே நடத்துகிற அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்டைச் சுருக்கினாலும் ஏபி, அதில் இருக்கிற சின்ன கால்குலஸும் (நுண்கணிதம்) ஏபி. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. ஆகவே இந்தக் கடிதத்தில் ஏபி என்றால் சின்ன கால்குலஸ், பிசி என்றால் அதைவிடக் கூடுதல் பாடம் இருக்கிற பெரிய கால்குலஸ்.

இந்த இரண்டு ராத்திரியும் ஆச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசி எடுக்காவிட்டால் காலேஜ் கிடைக்காது என்று பயமுறுத்தும் சித்தப்பாவின் வாட்ஸாப்பை மூடிவைத்துவிட்டு, காலேஜ்கள் தாங்களே எழுதி வைத்திருப்பதை வாசித்தேன். கால்குலஸ் கட்டாயமும் இல்லை, அதற்கென்று தனிச் சலுகையும் இல்லை என்று ஹார்வர்டு வெளிப்படையாகவே சொல்கிறது. எம்ஐடியில் பிசி பரீட்சையில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியவர்களுக்கு முதல் கால்குலஸ் பாடம் படித்ததாகவே கழிந்துவிடுகிறது, ஏபியில் 5 வாங்கினாலும் ஒன்றும் கழியாது. ஆனால் இது இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு போடுகிற கணக்கு. நான் இரண்டையும் ஒரே கணக்காகப் போட்டு உன்னை மிரட்டியிருக்கிறேன்.

இன்னொன்று எனக்கு உறைக்கவே இல்லை. நீ அந்தப் பரீட்சையை எழுதப் போவது 2027 மே மாதம். காலேஜ்கள் அதற்கு முன்பே, ஏப்ரல் பிறக்கும்போதே, பதில் சொல்லி முடித்திருப்பார்கள். உன் 5ஐயோ 3ஐயோ அவர்கள் பார்க்கப் போவதில்லை. பார்ப்பதெல்லாம் நீ எந்தப் பாடம் எடுத்திருக்கிறாய் என்பதும், பள்ளி அனுப்பும் அரையாண்டு கிரேடும்தான்.

சித்தப்பா பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். பல காலேஜுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்புக்காக உன் கவுன்சிலர், அதாவது பள்ளியில் காலேஜ் விஷயத்துக்கு வழிகாட்டுகிறவர், நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி வரும். உன் பள்ளியில் காலேஜுக்குப் போகிற மற்றப் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பிள்ளையின் பாடத்தேர்வு எவ்வளவு கடினம் என்று. மிகமிகக் கடினத்திலிருந்து சராசரிக்கும் கீழே வரை ஐந்து கட்டம், ஒன்றில் டிக். பள்ளியில் என்னென்ன பாடம் நடக்கிறது என்ற குறிப்பும் கூடவே போகும். பிசியே நடத்தாத பள்ளியில் படிக்கிற பிள்ளையை ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். உன் பள்ளியில் நடக்கிறது. இன்ஜினியரிங் கேட்கிற பிள்ளை அதைத் தாண்டிப் போனால் வாசிக்கிறவருக்கு ஏன் என்று தோன்றும்தான். நீ கேட்கப் போவது பொதுச் சுகாதாரம். ஏபியோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸும் எடுத்தால் அந்த மேல் கட்டம் போய்விடுமா என்று கவுன்சிலரிடம் நேராகவே கேள். அவர் கையில் இருக்கிற டிக்கைப் பற்றி நாமும் சித்தப்பாவும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். பிசி எழுதுகிறவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் 5 வாங்குகிறார்கள், ஏபியில் பத்துக்கு இரண்டு பேர்தான், ஆகவே பிசிதான் சுலபமாம். குற்றாலத்தில் குளிக்கிறவனுக்கு ஜலதோஷம் வருவதில்லை என்பது மாதிரி. ஜலதோஷக்காரன் அருவிப் பக்கமே போகமாட்டான், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்தேன். நான் பிளஸ் டூ படித்தபோது ஏபியும் கிடையாது, பிசியும் கிடையாது. கணக்கு குரூப்பில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே புத்தகம், அதில் வகையிடலும் தொகையிடலும். இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வையும் சேர்த்து 300க்கு ஒரு கட்ஆஃப். அந்த ஒரு எண்ணில் அரை மார்க் குறைந்தால் காலேஜ் மாறிவிடும், ஊர் மாறிவிடும். அந்த அரை மார்க்கின் பயத்தில் கணக்குகளை எண் போட்டு மனப்பாடம் பண்ணினேன். கணக்கில் 200க்கு 194. காலேஜில் முதல் மாதம் ஆசிரியர் என்னை எழுப்பி, "எல்லை (லிமிட்) என்றால் என்ன, சூத்திரம் வேண்டாம், வாயால் சொல்லு" என்றார். நின்றேன். வகுப்பு முடியும்வரை நின்றேன். அந்த 194ஐ அம்மாவிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறேன், நின்றதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

2020இல் நம் வீட்டு ஃபிரிட்ஜில் நீ ஒட்டிவைத்த கிராஃப் தாள் ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாம் வகுப்பு. நியூ ஜெர்ஸியில் அதுவரை மொத்தம் எத்தனை பேருக்குக் கொரோனா என்று தினமும் ஒரு புள்ளி வைப்பாய். ஒருநாள் "அப்பா, கோடு வளையுது, ஏன் மேலயே போகல?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை, மாஸ்க் போடுகிறார்களே அதனால்தான் என்று சமாளித்தேன். நேற்று இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏபியில் எட்டு அலகு, பிசியில் பத்து. தட்டுத்தடையில்லாமல் பெருகிக்கொண்டே போகிற வளர்ச்சி இரண்டிலும் இருக்கிறது. முதலில் வேகமாக ஏறி, நோய் தொற்ற ஆள் குறையக் குறைய வேகம் தளர்ந்து படுத்துவிடுகிற லாஜிஸ்டிக் வளைவு பிசியில் மட்டும்தான் வருகிறது. நீ கேட்டதில் பாதிக்காவது அதில் பதில் இருக்கும். உனக்குப் பிசி பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான், டிக் இல்லை.

ஆனால் கால்குலஸுக்கு முந்திய ப்ரீகால்குலஸில் இந்தத் தடவை பி கிரேடு வாங்கியிருக்கிறாய். பிசி நிற்காமல் ஓடுகிற வகுப்பு. முடிவிலித் தொடர் வருகிற மாதங்களில் பள்ளிப் பத்திரிகை வேலையைக் குறைக்க வேண்டியிருக்கும், அதுவும் நீ அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக இருக்கிற வருஷத்தில். பத்திரிகைக்காகவும் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்காகவும் ஏபி போதும் என்றால் அதில் எனக்கு வருத்தமே கிடையாது, நோயைக் கணக்கெடுக்கிறவளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாழ்நாள் முழுக்க வேண்டும். இன்னொரு பி வந்துவிடுமோ என்று பயந்து ஏபிக்குப் போனால்தான் வருத்தப்படுவேன். பிசி பரீட்சைத் தாளிலேயே ஏபி பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் போடுகிறார்கள், உழைத்தது எல்லாம் ஒரேயடியாகப் போய்விடாது.

புதன்கிழமை உனக்கு ஒரு ஃப்ரீ பீரியட் இருக்கிறதே, கேட்டுக்கொண்டு பிசி வகுப்பில் பின் பெஞ்சில் போய் உட்கார். அவர்களுடைய வீட்டுப்பாடத் தாள் ஒன்றை வாங்கிப் பார். புரியாவிட்டால் பரவாயில்லை, புரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

பாடத்தேர்வுப் படிவத்தை வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். பெற்றோர் கையெழுத்துக்கு அவளே போதும், எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்க வேண்டாம். கொடுத்துவிட்டு வந்த பிறகு எது என்று சொல். ஆச்சியும் தினமும் கேட்கிறாள், "புள்ள எந்தக் கணக்கு எடுத்திருக்கா?" என்று.

அன்புடன்,
அப்பா