நிக்கானா, கேனனா என்று கேட்டிருக்கிறாய்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலிக்கு இரண்டு பக்கம், மருமகனுக்கு ஒரு பக்கம். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதிய நாலு வரி: கயல் பறவைகளைப் படம் எடுக்க ஆசைப்படுகிறாள், கேமரா நிக்கானா, கேனனா, சோனியா, நீ சொல்வதைத்தான் வாங்குவேன். முழங்காலுக்கு என்னிடம் மருந்து கிடையாது. மருமகன் விஷயத்தில் நான் வாயைத் திறப்பதாக இல்லை. ஆகவே அந்த நாலு வரிக்குத்தான் இந்தப் பதில்.

நீ சொல்வதைத்தான் வாங்குவேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இருபத்தைந்து வயதில் நான் சொன்ன எதையாவது நீ கேட்டிருக்கிறாயா? நான் கேனன் கட்சி, நீ நிக்கான் கட்சி. டார்க் ரூமில் நின்றுகொண்டு, பிரிண்ட் கெட்டுப்போகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. நாம் இரண்டு பேருமே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உன் சித்தப்பா ஒரு நிக்கான் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) இரண்டு லென்ஸும் விட்டுவிட்டுப் போனார், நீ நிக்கான் ஆனாய். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரிடம் இருந்ததெல்லாம் கேனன் லென்ஸ், இரவல் கேட்டால் தருவார், நான் கேனன் ஆனேன். கட்சியில் சேர்ந்த பிறகுதான் கொள்கையைக் கண்டுபிடித்தோம். நிக்கானுக்குத்தான் உறுதி என்றாய், கேனனுக்குத்தான் தோலின் நிறம் அழகு என்றேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் நான் நிக்கானுக்குக் கட்சி மாறியது உனக்குத் தெரியும். அதில் நடந்த ஒரு சங்கதியை மட்டும் வெட்கத்தில் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். புதுக் கேமரா கைக்கு வந்த இரண்டாவது வாரம் ஓர் ஓட்டப்பந்தயம் எடுக்கப் போனேன். முதலில் வந்த பெண் கோட்டைத் தாண்டப் போகிறாள், நேராக என்னை நோக்கி ஓடி வருகிறாள். கிட்டே வர வர ஜூமை அகலமாக்க வேண்டும், இல்லையா? இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகத் திருப்பியது. புது லென்ஸில் அது எதிர்த் திசை. அகலமாவதற்குப் பதில் இன்னும் நெருங்கிவிட்டது. எனக்குக் கிடைத்தது வரிசையாக ஒன்பது படம், ஒன்பதிலும் மூக்கும் மேலுதடும் மட்டும். மூக்கு மட்டும் அவ்வளவு துல்லியமாக ஃபோகஸில் இருந்ததுதான் கொடுமை.

கேமராவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கான் லென்ஸை மாட்டுகிற திசை ஒன்று, கேனன் லென்ஸை மாட்டுகிற திசை அதற்கு நேர் எதிர். ஜூம் வளையமும் அப்படித்தான். இதையெல்லாம் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஆனால் கை மறக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பழைய லென்ஸ்களை விற்ற வகையில் பட்ட நஷ்டம் தனிக் கணக்கு. அதைவிட வயிற்றெரிச்சல், பழைய கேமராவில் எடுத்ததையும் புதியதில் எடுத்ததையும் பெரிய பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது எதில் எடுத்தது என்று என் மனைவிக்குத் தெரியவில்லை. சரி, அவள் கேமராக்காரி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.

அதனால் எந்தக் கம்பெனி நல்ல படம் தரும் என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போட்டுவிடு. படத்தைப் பதிகிற சென்சார் சில்லு விஷயத்தில் இவர்கள் எல்லாம் ஒருவர் வீட்டில் ஒருவர் சமைக்கிறவர்கள். நிக்கான் கேமராக்கள் பலவற்றின் உள்ளே இருப்பது சோனி தயாரித்த சென்சார்தான். ஃபுஜிஃபில்ம் வாங்குவதும் அங்கேதான். நிறத்தின் கதை வேறு. கேமராவே ஜேபெக்காக மாற்றித் தரும் படத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. அதில் ஃபுஜி கெட்டிக்காரர்கள். வெல்வியா, ப்ரோவியா என்று தங்கள் பழைய ஃபிலிம்களின் பெயரையே கேமராவுக்குள் வைத்திருக்கிறார்கள். எடுத்ததும் அனுப்பிவிட வேண்டும், கணினி முன் உட்காரப் பிடிக்காது என்கிறவர்களுக்கு அது பெரிய வரம். ராவாக, அதாவது கேமரா கைவைக்காத மூலக் கோப்பாக எடுத்துத் தானே திருத்துகிறவர்களுக்கு அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி பத்து நிமிட வேலை.

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? மவுண்டைப் பார்த்து. கயலிடம் இதை நீயே சொல். கேமரா வாங்குகிறோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் வாங்குவது லென்ஸ் மாட்டுகிற அந்த உலோக வளையத்தை. பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். லென்ஸ் இருபது வருடம் வரும். ஒரு பாடிக்கு மூன்று லென்ஸ் சேர்ந்துவிட்டால் அப்புறம் நீ அந்தக் குடும்பத்து ஆள், வெளியே வருவது லேசில்லை.

இதில் உன் கட்சிக்கும் என் கட்சிக்கும் நடந்த பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. நாம் எத்தனை இரவு வாதாடியிருக்கிறோம்! அதற்கு இப்போது ஒரு விதமான தீர்ப்பு வந்துவிட்டது என்று தோன்றுகிறது. நிக்கான் 1959-இல் எஃப் மவுண்டைக் கொண்டுவந்தது, அதன்பின் உள்ளே கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராக்களின் காலம் முழுக்க அதை மாற்றவே இல்லை. நீ அதைச் சொல்லித்தான் மார்தட்டுவாய். கேனன் 1987-இல் தன் எஃப்டி மவுண்டை ஒரேயடியாகக் கைவிட்டு இஎஃப் என்று புதிதாகத் தொடங்கியது. எஃப்டி லென்ஸாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். இதை வைத்து நீ என்னை எவ்வளவு வாரியிருக்கிறாய்!

ஆனால் உள்ளே என்ன நடந்தது பார். இஎஃபில் லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே இயந்திரத் தொடர்பே கிடையாது, எல்லாம் மின்சாரத் தொடர்பு. ஃபோகஸ் மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இருக்கும். நிக்கானோ மவுண்ட்டை மாற்றக் கூடாது என்பதற்காக மோட்டாரைப் பாடியில் வைத்தது. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் மாதிரி முனை வெளியே நீட்டி லென்ஸைத் திருப்பும். அந்தக் 'கர்ர்' சத்தம் உனக்கு நினைவிருக்குமே. மோட்டார் வைத்த லென்ஸ்கள் நிக்கானிலும் பிற்பாடு வந்துவிட்டன. 2006-இல் வந்த டி40 பாடியில் மோட்டாரையே எடுத்துவிட்டார்கள். மவுண்ட் அதேதான், பழைய லென்ஸ் அழகாக மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது.

2018-இல் இரண்டு பேருமே கண்ணாடி இல்லாத ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராக்களுக்குப் புது மவுண்ட்டோடு வந்தார்கள், நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப். நடுவில் கண்ணாடி இல்லையென்றால் லென்ஸைச் சென்சாருக்கு மிக அருகில் கொண்டுவரலாம். நிக்கானில் 46.5 மில்லிமீட்டராக இருந்த தூரம் 16 ஆகிவிட்டது. கேனனில் 44 ஆக இருந்தது 20 ஆனது. மிச்சமான அந்த இடைவெளியில்தான் பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்டித்தரும் அடாப்டர் உட்காருகிறது. கேனனின் அடாப்டர் வெறும் குழாயும் கம்பியும்தான். 1987-இலிருந்து வந்த இஎஃப் லென்ஸ்கள் அதில் மாட்டினால் ஃபோகஸ் ஆகிவிடுகின்றன, மோட்டார்தான் லென்ஸிலேயே இருக்கிறதே. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த ஸ்க்ரூ முனை கிடையாது. ஆக, அன்று துரோகம் செய்தவன் முப்பது வருடம் கழித்துப் பழைய லென்ஸ்காரர்களைக் கைதூக்கிவிட்டான், விசுவாசமாக இருந்தவன் பாதி வழியில் விட்டான். கேனனில் நான் இப்போது இல்லை என்றாலும் இதை எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மன்னித்துவிடு.

சோனியை நாம் அப்போது கணக்கிலேயே எடுக்கவில்லை. டேப் ரிக்கார்டர் செய்கிறவனுக்குக் கேமரா எதற்கு என்றாய் நீ. அவர்கள் 2006-இல் கோனிகா மினோல்டாவின் எஸ்எல்ஆர் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். 1985-இல் உள்ளேயே ஆட்டோஃபோகஸ் வைத்த 7000-ஐக் கொண்டுவந்து நிக்கானையும் கேனனையும் ஓடவிட்ட மினோல்டாதான் அது. 2010-இல் இ மவுண்ட் வந்தது. அடுத்த வருடமே அதன் அடிப்படைக் குறிப்புகளை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணம் இல்லாமல் திறந்துவிட்டார்கள். இது சாதாரண விஷயமில்லை. சிக்மா, டாம்ரான் என்று ஆளாளுக்கு அந்த மவுண்டுக்கு லென்ஸ் செய்கிறார்கள். செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கும். கேனன் ஆர்எஃப் கதவை ரொம்ப நாள் சாத்தியே வைத்திருந்தது. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் உள்ளே வந்தார்கள், அதுவும் ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னச் சென்சாருக்கான ஏபிஎஸ்-சி அளவு லென்ஸ்களோடு. பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யப் போகிறவளுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்பதுதான் மெகாபிக்சலைவிடப் பெரிய விஷயம்.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020-இல் உலகம் முழுக்கத் தன் ஆட்களைச் சோனிக்கு மாற்றியதைச் சொல்லி யாராவது உன்னை மயக்கப் பார்ப்பார்கள். அவர்கள் தேவை வேறு. புகைப்படக்காரரும் வீடியோக்காரரும் ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் போடலாம், நிறம் ஒத்துப்போகும். ஒலிம்பிக்ஸ் மாதிரி இடங்களில் கேனன், நிக்கான் கம்பெனிகளே கவுன்டர் போட்டு உட்கார்ந்து லென்ஸை இரவல் தருவார்கள், பழுது பார்ப்பார்கள். தொழில்காரர்கள் கம்பெனி பார்ப்பது அதற்காக. கயலுக்கு அந்தக் கவுன்டரில் வேலை இல்லை. அவளுக்கு இரவல் கொடுக்கப் போவது கூடப் போகிற நண்பர்கள்தான். அவள் யாரோடு பறவை பார்க்கப் போகிறாளோ அவர்கள் கையில் என்ன மவுண்ட் இருக்கிறது என்று கேள். நாம் சேர்ந்த மாதிரியேதான், ஆனால் தெரிந்தே சேரட்டும்.

தூரத்துப் பறவையை இழுத்துக் காட்ட 400 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும், 600 இருந்தால் நிம்மதி. முதலில் அந்த லென்ஸை முடிவு செய், பாடி பின்னாலேயே வரும். சோனியில் 200-600, நிக்கானில் 180-600, கேனனில் 200-800. மூன்றுமே சுமாராக இரண்டு கிலோ. நானும் என் முதுகும் இப்போது இரண்டு கிலோவை அவ்வளவாக விரும்புவதில்லை. கேனனில் 100-400 என்று ஒன்று இருக்கிறது, முக்கால் கிலோகூட இல்லை. வெளிச்சம் குறைந்தால் திணறும், ஆனால் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற கேமரா வகையின் பக்கமும் பார்க்கச் சொல். அதில் சென்சார் சின்னது, 300 மில்லிமீட்டர் லென்ஸே 600 போட்ட மாதிரி காட்டும். அந்த வகைக் கேமரா செய்த ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலை விற்று, 2021-இலிருந்து அது ஓஎம் என்ற பெயரில் நடக்கிறது. அதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு. ஆனாலும் அலமாரியில் தூங்குகிற இரண்டு கிலோவைவிடத் தோளில் தொங்குகிற ஒன்று மேல் என்று நினைக்கிறேன். நானே அந்தப் பக்கம் தாவலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே. பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிற வித்தை இன்றைக்கு இந்தக் கம்பெனிகள் எல்லாவற்றிடமும் இருக்கிறது. யாருடையது ஒரு மயிரிழை முன்னே என்று வருடத்துக்கு ஒருதடவை மாறும், அதன் பின்னால் ஓட வேண்டாம்.

இவ்வளவு எழுதியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், கை. கயலுக்குச் சின்னக் கை, உன் அம்மாவின் கை. கடைக்கு அவளையே கூட்டிக்கொண்டு போ, நீ போய் வாங்கிக் கொண்டுவந்து கொடுக்காதே. பெரிய லென்ஸையே மாட்டச் சொல்லி ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் கண்ணில் வைத்துப் பார்க்கட்டும். சுண்டுவிரல் கிரிப்பில் நிற்கிறதா, கீழே தொங்குகிறதா, கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) மாற்ற விரல் எட்டுகிறதா என்று பார். மெனுவில் அவளாகவே ஏதாவது ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும், கடைக்காரர் காட்டித்தர வேண்டாம்.

உன் சித்தப்பாவின் 50 மில்லிமீட்டர் இன்னும் அலமாரியில்தானே இருக்கிறது? அவள் நிக்கான் வாங்கினால் அதைக் கொடுத்துவிடு. அடாப்டர் போட்டாலும் தானாக ஃபோகஸ் ஆகாது, அந்தக் 'கர்ர்' ரகம்தான் அதுவும். கையால் திருப்பித்தான் எடுக்க வேண்டும், பறவைக்கு உதவாது. உன் முகத்தை எடுக்கப் போதும்.

கடைக்குப் போய்வந்து எழுது. சுண்டுவிரல் எதில் நின்றது என்று மறக்காமல் எழுது. முழங்காலையும் மருத்துவரிடம் காட்டு.

உன்,
ரகு