ரைஃபைசன் கலெக்டர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கூட்டுறவு முன்னோடிகள் குறித்த கட்டுரையில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசனை ‘ஜெர்மானிய மாவட்ட ஆட்சியர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் அந்தப் பதவியில் ஒரு நாளும் இருந்ததில்லை. அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் நிர்வாகத்தில் நம் கலெக்டருக்கு ஓரளவு ஈடானவர் லாண்ட்ராட். அவருக்குக் கீழே, பல சிற்றூர்களைச் சேர்த்த ஒரு பிரிவுக்குத் தலைவர் பியூர்கர்மைஸ்டர். ரைஃபைசன் வகித்தது இந்தப் பதவியைத்தான். மேயர் என்று மொழிபெயர்த்தாலும் குழப்பமே. ரைன் மாகாணத்துக் கிராமப்புற மேயரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசே நியமித்தது. நம்மூர்க் கணக்கில் பிர்க்கா வருவாய் ஆய்வாளருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் நடுவில் எங்காவது வைக்கலாம்.

1818இல் ஹம் என்ற ஊரில் பிறந்தவர் அவர். ராணுவத்தில் சேர்ந்தார், கண்நோய் வந்ததால் 1843இல் விலகி அரசு நிர்வாகப் பணிக்கு வந்தார். மாயன் நகரில் மாவட்ட அலுவலகச் செயலராக இருந்தார். ‘ஆட்சியர்’ குழப்பம் இங்கிருந்துகூட வந்திருக்கலாம். 1845இல் வையர்புஷ், 1848இல் ஃபிளாம்மர்ஸ்ஃபெல்ட், 1852இல் ஹெட்டெஸ்டார்ஃப் என மூன்று இடங்களில் மேயர் பொறுப்பு.

கட்டுரையின் இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. 1847இலேயே அவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். (ஜெர்மனியிலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு.) உருளைக்கிழங்கு அழுகி, தானியமும் பொய்த்த 1846–47 குளிர்காலத்தில் வையர்புஷ்ஷில் அவர் அமைத்தது ரொட்டிச் சங்கம். வசதியுள்ளவர்கள் பணம் போட்டார்கள்; தானியம் வாங்கி, பொது அடுப்பில் சுட்ட ரொட்டியை ஏழைகள் கடனுக்கு வாங்கிப் போனார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அது கூட்டுறவு ஆகாது.

ஃபிளாம்மர்ஸ்ஃபெல்டில் 1849இல் தொடங்கிய சங்கமும் அப்படியே. அங்கே மாட்டு வியாபாரிகளின் பிடி இறுகியிருந்தது. நம் ஊரில் வாரத்துக்கு (பங்குக்கு) மாடு விடுவது போன்ற ஏற்பாடு, அதைவிடக் கொடியது: மாடு வியாபாரியுடையது, தீனியும் உழைப்பும் குடியானவனுடையது, லாபம் வியாபாரிக்கு. சுமார் 60 வசதியுள்ளவர்கள் தங்கள் சொத்தையே ஜாமீனாக்கி வெளியே கடன் திரட்டி, மாட்டை ரொக்கத்துக்கு வாங்கி, ஏழை விவசாயிக்கு ஐந்தாண்டுத் தவணையில் கொடுத்தார்கள். 1854இல் ஹெட்டெஸ்டார்ஃபில் தொடங்கிய சங்கமோ, கவனிப்பாரற்ற பிள்ளைகளை வளர்ப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தருவது என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டது. ஒவ்வொன்றாகக் கழன்று, கடன் கொடுப்பது மட்டுமே நின்றது.

கோளாறு எங்கே? கடன் வாங்கியவர் உறுப்பினர் இல்லை. பொறுப்பு முழுவதும் செல்வந்தர் தலையில், பயன் முழுவதும் மற்றவருக்கு. சில ஆண்டுகளில் புரவலர்கள் சலித்து ஒதுங்கினார்கள். ஆகவே 1864இல் ஹெட்டெஸ்டார்ஃப் சங்கத்தைக் கடன் சங்கமாக மாற்றி, கடன் வேண்டுவோர் முதலில் உறுப்பினராக வேண்டும் என்று விதி வைத்தார். ஆன்ஹாவ்சனில் 1862இலேயே இந்தத் திசையில் ஒரு சங்கம் எழுந்திருந்தது. ஆண்டு போட வேண்டுமானால் இவற்றில் ஒன்றைப் போடுங்கள்.

அவருடைய விதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. உறுப்பினர் அனைவருக்கும் வரம்பற்ற பொறுப்பு: ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர் நிலமும் வீடும் அதற்கு ஈடு. அதனால்தான் சங்கத்தின் எல்லை சிறிதாக இருந்தாக வேண்டும். யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்று தெரியாத இடத்தில் எவன் கையெழுத்துப் போடுவான்? நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கருக்கு மட்டும் உண்டு. ஆனால் யாருக்குக் கடன் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. லாபம் பங்கு ஈவாகப் பிரிக்கப்படாமல், எவரும் பங்குபோட முடியாத காப்பு நிதிக்குப் போகும்.

நகரத்துக் கூட்டுறவை வளர்த்த ஷுல்ட்ஸே டெலிட்ஷ், ரைஃபைசன் சங்கங்கள் நீண்ட தவணைக்குக் கடன் தந்ததைக் கடுமையாக எதிர்த்தார். விரைவில் திரும்பக் கேட்கப்படும் வைப்புத் தொகையை வைத்துக்கொண்டு பல ஆண்டுத் தவணைக்குக் கடன் தருவது ஆபத்து, மூன்று மாதக் கடனே சரி என்பது அவர் வாதம். வங்கிக் கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் மாடு வாங்கியவனுக்கு மூன்று மாதத்தில் முதல் திரும்புமா? ரைஃபைசன் சறுக்கியது வேறிடத்தில். 1872இல் சங்கங்களையே உறுப்பினராக்கி ஒரு மத்திய வங்கி அமைத்தார். வரம்பற்ற பொறுப்பின்மேல் இன்னொரு வரம்பற்ற பொறுப்பு. முன்பின் தெரியாத ஊர்க் கடனுக்கும் ஒரு கிராமம் ஈடாக வேண்டிய நிலை. எதிர்ப்பு வலுக்க, 1876இல் அதற்குப் பதிலாகப் பங்கு மூலதனம் கொண்ட மத்தியக் கடன் வங்கியை நொய்வீட் நகரில் நிறுவினார்.

கண்பார்வை மங்கியதால் 1865இலேயே, 47 வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். சொற்ப ஓய்வூதியம், சுருட்டுத் தொழிலும் பிறகு திராட்சை மது வியாபாரமும் செய்து பிழைத்தார். 1866இல் வெளிவந்த கடன் சங்க நூலையும் கடிதங்களையும் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மகள் அமாலி. அந்த மகளின் பெயரைக் கட்டுரை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. 1888 மார்ச் 11இல் ரைஃபைசன் மறைந்தார்.

அன்றைய சென்னை மாகாணத்துக்கு இந்த முறையைச் சிபாரிசு செய்தவர் ஐ.சி.எஸ். அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன். 1895, 1897 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய அறிக்கையின் சாரம் ‘ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்’ என்பதே. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தில் கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு விதிக்கப்பட்டது இந்த வழியில்தான். அதே ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் பதிவானது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது பதவி, ஆண்டு இரண்டையும் சேர்த்தே திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்