கான்சஸில் ஒரு கயிற்று உருண்டை

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இனி பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார்கள். நான் விசாரித்ததாகச் சொல்.

கோடையில் குடும்பத்தோடு டென்வர் வரை காரில் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். கான்சஸ் மாநிலம் முழுக்க வெறும் சமவெளிதான், எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் கடந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுத்தான் உடனே பேனாவை எடுத்தேன். சமீபத்தில் நாங்களும் அதே வழியில் போய்வந்தோம். தயவுசெய்து அப்படிக் கடந்து போய்விடாதே. 70ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்பி காக்கர் சிட்டிக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வா. பயணம் இரண்டு மணி நேரம் கூடும். கூடட்டும்.

500 பேர்கூட இல்லாத ஊர் அது. 24ஆம் எண் சாலையோரத்தில், நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகைக்குள் ஒரு கயிற்று உருண்டை உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரியது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி 1953இல் தன் களஞ்சியத்தில் ஆரம்பித்த வேலை. காய்ந்த புல்லைக் கட்டு கட்டாகக் கட்ட அந்தக் காலத்தில் கற்றாழை நார்க் கயிறுதான். மாட்டுக்குப் போட ஒவ்வொரு கட்டாக அவிழ்க்க அவிழ்க்க, துண்டுக் கயிறுகள் மிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையில் விட்டால் மாடு தின்றுவிடும், இல்லாவிட்டால் மெஷினில் சிக்கும். ஸ்டோபர் அவற்றை ஒன்றோடொன்று முடிந்து சுற்ற ஆரம்பித்தார். நாலு வருஷத்தில் உருண்டை எட்டு அடி உயரமாகிவிட்டது. 5,000 பவுண்டு எடை. 1961இல் அதை ஊருக்கே கொடுத்துவிட்டார். 1974இல் அவர் இறந்தபோது விட்டம் 11 அடி, அதில் சுற்றியிருந்த கயிறு 16 லட்சம் அடி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சுற்றியவர் போய்விட்டார் என்று ஊர் அதை மூடி வைக்கவில்லை. வருஷா வருஷம் ஆகஸ்டில் கூடி எல்லோரும் சேர்ந்து சுற்றுகிறார்கள். மற்ற நாட்களில் வழியே போகிற யார் வேண்டுமானாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கலாம். இப்போது 80 லட்சம் அடியைத் தாண்டிவிட்டது, கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஸ்டோபரைப் பார்த்தேயிராதவர்கள் சுற்றியது.

நாங்கள் போனபோது காரிலிருந்து முதலில் இறங்கியது அப்பாதான். நேரே போய் ஒரு இழையை விரலால் நெருடி, முறுக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தார். "தேங்காய் நார் இல்லடா, கற்றாழை. எண்ணெய் போட்டிருக்கான்" என்றார். கிட்டே போனால் உண்மையிலேயே எண்ணெயும் காய்ந்த புல்லும் கலந்த வாசனை வருகிறது. உருண்டை என்று சொன்னாலும் சரியான உருண்டை இல்லை. தன் கனத்திலேயே அடிப்பக்கம் அமுங்கி அகன்றுவிட்டது. வெளியில் இருக்கிற புதுக் கயிறு வெளிர் மஞ்சள், இடுக்கில் தெரிகிற பழையது சாம்பல் நிறம்.

ஊர்க்கார அம்மா ஒருவர் கயிற்றோடு வந்தார். எங்களுக்கு முன்னால் வந்த யாரோ விட்டுப்போன முனையில் எங்கள் கயிற்றை முடிய வேண்டும். அப்பா இரண்டு முனைகளையும் எதிரெதிராகப் படுக்கவைத்து, இந்த முனையை அந்தக் கயிற்றின் மேலும் அந்த முனையை இந்தக் கயிற்றின் மேலும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்தார். முடிச்சுகள் வழுக்கிக்கொண்டே வந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிட்டன. என் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தானும் போட்டே தீர்வேன் என்று நின்றாள். அப்பா அவிழ்த்துக் கொடுத்தார். அவளுக்குக் கை வருகிற வரைக்கும் அந்த அம்மாவும் பொறுமையாக நின்றார். அப்புறம் பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டையைச் சுற்றி நடந்தான். விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும், தளர்ந்தால் கயிறு சரிந்து கீழே வந்துவிடும். அதனால் அவனுக்குப் பின்னாலேயே நாங்கள் ஆளுக்கு ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு வந்தோம். கடைசியில் எத்தனை அடி என்று அந்த அம்மா குறித்துக்கொண்டார். காலையிலிருந்து காருக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மின்னசோட்டா மாநிலத்தில் டார்வின் என்ற ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது, தெரியுமா? ஃபிரான்சிஸ் ஜான்சன் என்பவர் 1950இல் ஆரம்பித்து 29 வருஷம் தனி ஆளாகச் சுற்றினார். 17,400 பவுண்டு. எல்லாப் பக்கமும் சீராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஜாக்கி வைத்துத் தூக்கித் தூக்கிச் சுற்றினாராம். ஒரே மனிதர் சுற்றியதில் அதுதான் பெரியது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். இப்போது அது கண்ணாடிபோன்ற தடுப்புக்குள் இருக்கிறது, பார்க்கலாம், தொட முடியாது. அவருடைய உழைப்புக்கு முன்னால் தலை வணங்குகிறேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் காக்கர் சிட்டிக்குத்தான் போவேன். எது பெரியது என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. பிள்ளைகள் கை வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

அவ்வளவு தூரம் போனால் தெற்கே லூகஸ் என்ற ஊரையும் விடாதே. போகிற வழியில் வேலிக்கால்களைக் கவனி, எல்லாம் கல். அந்தப் பக்கம் மரம் அரிது. மண்ணுக்கடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல் வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப் பட்டதும் இறுகிவிடுமாம். அதையே நீளநீளமாக வெட்டி நட்டிருக்கிறார்கள். லூகஸில் டின்ஸ்மூர் என்ற முன்னாள் சிப்பாய் 1907இல் கட்டிய வீடும் அந்தக் கல்தான், மரக்கட்டைபோலச் செதுக்கி அடுக்கியது. வீட்டைச் சுற்றி சிமெண்டால் ஆதாம், ஏவாள், பாம்பு, மரங்கள் என்று ஒரு தோட்டமே செய்திருக்கிறார். ஏதேன் தோட்டம் என்று பெயர். 1932இல் இறந்தார். அவர் உடல் அங்கேயே, அவரே கட்டிய கல்லறையில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. சின்னவன் பயப்படுவான் என்றால் அந்தப் பக்கம் போகாமல் தோட்டத்தை மட்டும் காட்டு.

லெபனான் என்ற ஊருக்குப் பக்கத்திலும் நின்றோம். அலாஸ்காவும் ஹவாயும் சேராத அமெரிக்காவின் நடுப்புள்ளி அங்கேதான். 1918இல் வரைபடத்தை அட்டையில் வெட்டி, ஒரு முனையில் நிறுத்திச் சமன்பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். விஷயம் ருசியானது, ஆனால் அங்கே ஒரு நடுகல்லைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. நேரம் இருந்தால் பார்.

ஆகஸ்டில் கிளம்புவதாக இருந்தால் ஊர் கூடிச் சுற்றுகிற நாள் எது என்று முதலில் விசாரித்துக்கொள். நாங்கள் போனபோது அந்தக் கூட்டம் இல்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே படம் எதுவும் காட்டாதே. அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று பெண் படிப்படியாக வரைந்து கொடுத்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். உன் தேதி முடிவானதும் எழுது. எங்களுக்கும் லீவு ஒத்துவந்தால் அங்கேயே வந்து சேர்ந்துகொள்கிறோம். அப்பா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்