ஜெயாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்பு ஜெயா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்கைதான், கோபித்துக்கொள்ளாதே. மகளுக்குப் படிவம் ஆறில் இடம் கிடைத்ததைப் படித்து மனசு குளிர்ந்தது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?

போன மாதம் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பிறையிலிருந்து ஓர் அக்கா, சர்க்கரை இறங்கி மயங்கிவிட்ட மாமியாரை எங்கள் எமர்ஜென்சிக்குக் கூட்டி வந்திருந்தார். நாலு மணி நேரம் வெளியே நாற்காலியில் காத்திருந்தார். மாமியார் கண் விழித்துவிட்டார் என்று சொல்லப் போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ்ஸி, ஒன்னு கேக்கலாமா?” என்றார். திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்தால் இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. எட்டு மாதமாக இருக்கிறதாம். “வலிச்சிருந்தா வந்திருப்பேன் மிஸ்ஸி, வலிக்கவே இல்லையே.” மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காமல்தான் வரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கே சர்ஜரி டாக்டரிடம் அனுப்பிவிட்டோம்.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார், மார்பகப் புற்றுநோய் கண்ட நம் நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் முற்றிய மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரிய வந்திருக்கிறது. தனக்கென்று கிளினிக் பக்கமே போகாத பெண்கள், பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்கு நெஞ்சு வலி என்றால் எங்களிடம் வந்து மணிக்கணக்கில் உட்கார்கிறார்கள். அவர்களிடம் பேச அதைவிட நல்ல நேரம் ஏது?

டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவசரமில்லாத நோயாளிகளுக்கான பச்சை மண்டலத்தில் காத்திருப்பவர்களிடம் மட்டும் ஆரம்பித்திருக்கிறேன். வலியில் துடிப்பவரிடம் கேட்பதில்லை. 40 தாண்டியவரா, மெமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள், அவ்வளவுதான் கேள்வி. “எனக்குத்தான் ஒன்னுமில்லையே” என்பார்கள். ஒன்றுமில்லாதபோது எடுப்பதுதானே அது, கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே படத்தில் தெரிய வாய்ப்புண்டு என்று விளக்குவேன். அங்கேயே எடுக்க எமர்ஜென்சியில் வசதியில்லை, அதனால் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதாரக் கிளினிக்) பெயரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் போன் போட்டுக் கேட்கிறேன். போன் போடாவிட்டால் சீட்டு மருந்துப் பையிலேயே கிடந்துவிடும்.

ஒரு சிக்கல். சீட்டில் “மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை” என்று போட்டிருந்தேன், அந்த வார்த்தையைப் பார்த்ததுமே முகம் மாறி, மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஏமாற்றவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. பள்ளியில் கட்டுரைப் போட்டியென்றால் உன்னைத்தானே அனுப்புவார்கள், இரண்டு வரி எழுதிக் கொடேன்.

அப்புறம், உனக்கும் 47 ஆகிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ கட்டுகிறாய்தானே, 40 தாண்டிய பெண்களுக்கு அவர்களின் இலவசப் பரிசோதனையில் மெமோகிராமும் உண்டு. அமெரிக்காவில்கூட 2024இல் 40 வயதிலிருந்தே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம் என்று பரிந்துரையை மாற்றிவிட்டார்கள். செந்தூலிலிருந்து எது பக்கம் என்று பார்த்து, தேதி கிடைத்ததும் வாட்சாப்பில் போடு.

உன்,
மல்லிகா