பந்தியில உக்காந்து பாத்துட்டு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் கடிதம் பாத்தேன். ஸ்கூல்ல ஓசியில சோறு போட்டுப் போட்டு ஜனங்களைக் கெடுத்துட்டாங்கன்னு எழுதியிருந்தாரு. ரெண்டு நாளா எனக்கு மனசே ஆறலை. திருநெல்வேலி மாவட்டத்துல ஒரு கிராமத்து ஸ்கூல்ல 33 வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்தவ நான். அந்தப் பந்தியில என்ன நடந்துச்சுன்னு கூடவே நின்னு பாத்ததால எழுதுறேன்.

1986-ல வேலைக்குச் சேந்த புதுசு. மணி அடிச்சதும் பிள்ளைங்க ஓடி வரும், வந்ததும் தானாவே ரெண்டா பிரிஞ்சு உக்காந்துக்கும், காலனியில இருந்து வர்ற தலித் பிள்ளைங்க சுவர் ஓரமா, மத்ததுங்க தூண் பக்கமா. யாரும் அப்படி உக்காருன்னு சொல்லலை, எந்த வாத்தியாரும் சொல்லலை. ஒரு பையன் ரெண்டாப்பு, வீட்டுல இருந்தே தட்டும் சொம்பும் கொண்டு வருவான், ஸ்கூல் தம்ளரைக் கையால தொட மாட்டான். ஏம்லேன்னு கேட்டா "ஆச்சி ஏசுவா டீச்சர்"ம்பான். ஏழு வயசு அவனுக்கு.

என் பேத்தி இப்போ காலேஜ்ல சமூகவியல் படிக்கிறா. அவ நோட்டைப் புரட்டினப்போ 'சமூகமயமாதல்'னு ஒரு வார்த்தை. யார் கூட உக்காந்து சாப்பிடலாம், யார் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டு எந்தப் பிள்ளையும் பொறக்கிறதில்ல, வீடு, தெரு, கோயில் கொடை, கல்யாணப் பந்தின்னு பாத்துப் பாத்து உடம்புலயே ஏறிடுதுன்னு அவ சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பையன் சொம்புதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

சுவர் ஓரத்துப் பிள்ளைங்களோட அம்மா அப்பா ஏன் ஒரு வார்த்தை கேக்கலைங்கிறதும் அந்த நோட்டுலதான் விளங்குச்சு. எம்.என். சீனிவாஸ்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1948-ல மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல தங்கிப் பாத்துட்டு 'ஆதிக்க சாதி'ன்னு எழுதினாரு. சாஸ்திரத்துல யார் மேலன்னு பாத்தா ஊர் புரியாது, நிலம் யார் கையில இருக்கு, தலைக்கட்டு யாருக்கு அதிகம், ஊர்ப் பஞ்சாயத்துல யார் பேச்சு எடுபடுதுன்னு பாக்கணும்ங்கிறாரு. எங்க ஊர்ல அப்படியே இருந்துச்சு. காலையில யார் வயல்ல களை எடுக்கப் போகணுமோ அவங்க பிள்ளை தூண் பக்கம் உக்காந்திருக்கு, அப்புறம் யார் வாயைத் தொறப்பா?

நான் பிள்ளைங்களை உயர வரிசைப்படி உக்கார வச்சேன். ஒரு அப்பா வந்து கத்தினாரு, ஹெட்மாஸ்டர் என் பக்கம் நின்னாரு, அதனால தப்பிச்சேன். 1989-ல சத்துணவுல முட்டை வந்துச்சு. அந்தப் பையன் அப்போ அஞ்சாப்பு. அவனுக்கு மஞ்சக்கரு பிடிக்காது, பக்கத்துல இருந்த காலனிப் பையனுக்கு வெள்ளைக்கரு பிடிக்காது. ஒரு நாள் பாக்குறேன், இவன் மஞ்சக்கருவை எடுத்து அவன் தட்டுல வைக்கிறான், அவன் வெள்ளையைப் பிச்சு இவன் தட்டுல போடுறான். எச்சில், தீட்டு எதுவும் ரெண்டு பேருக்கும் ஞாபகத்துல இல்ல. நான் கரண்டியோட அப்படியே நின்னுட்டேன், இன்னைக்கு நினைச்சாலும் கண்ணு கலங்குது.

இது சின்ன விஷயம்னு யாரும் நினைக்காதீங்க. எங்க மாவட்டத்துலயே சேரன்மாதேவி குருகுலத்துல, பிள்ளைங்க தங்கிப் படிச்ச பள்ளிக்கூடம் அது, ரெண்டு பிராமணப் பிள்ளைங்களுக்குத் தனியா சாப்பாடு போட்டாங்கன்னுதான் நூறு வருஷம் முன்னாடி அவ்வளவு பெரிய சண்டை வந்துச்சு, பெரியாரும் காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடுவும் அதை விடவே இல்ல. ஸ்கூல் சாப்பாடு 1920-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ஆரம்பிச்சு, 1956-ல காமராஜர், 1982-ல எம்ஜிஆர், 2022-ல காலை உணவுன்னு வந்ததெல்லாம் பசிக்காகத்தான், ஆனா கூடவே பிள்ளைங்களை ஒரே பந்தியில உக்கார வச்சுதே, அதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

எல்லாம் மாறிடுச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். 2018-ல அவினாசி பக்கம் ஒரு ஸ்கூல்ல தலித் பெண் சமைச்சா எங்க பிள்ளைங்க சாப்பிடாதுன்னு பெத்தவங்க வந்து நின்னாங்க. 2023-ல நாங்குநேரியில ஸ்கூல் பிள்ளைங்களே கூடப் படிக்கிற தலித் பையனை வீடு தேடிப் போய் வெட்டினாங்க. அஞ்சாப்பு வரைக்கும் ஒரே பந்தியில சாப்பிட்ட பிள்ளை பெரிய ஸ்கூலுக்குப் போனதும் கையில சாதிக் கலர்ல கயிறு கட்டிக்கிட்டு வருதுன்னா, நாங்க மத்தியானம் ஒரு மணி நேரத்துல அவிழ்த்ததை ஊர் மிச்ச நேரம் பூரா உக்காந்து கட்டுதுன்னு அர்த்தம்.

அதனால ஒண்ணு கேக்குறேன். எல்லா ஸ்கூல்லயும் மாசத்துல ஒரு நாளாவது வாத்தியாருங்க, சமைக்கிறவங்க, பெத்தவங்க, பஞ்சாயத்துத் தலைவர் எல்லாரும் பிள்ளைங்களோட தரையில உக்காந்து அதே சோத்தை சாப்பிடணும், பிள்ளைங்க அதைக் கண்ணால பாக்கணும். கடிதம் எழுதின அந்த அண்ணாச்சியும் ஒரு நாள் மத்தியானம் பக்கத்து ஸ்கூலுக்குப் போய் ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு, எந்தப் பிள்ளை பக்கத்துல இடம் இருக்கோ அங்க உக்காந்து சாப்பிட்டுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.